தோட்டப் பராமரிப்புத் தொழில்: எந்தக் கருவியை முதலில் வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது?

பெங்களூரு, புனே, குருகிராம், ஹைதராபாத். இந்த ஊர்களில் எந்த அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவை எடுத்தாலும் ஒரு கேள்வி அடிக்கடி வரும்: "நல்ல மாலி யாராவது தெரியுமா?" பால்கனியில் 30 தொட்டி வைத்திருப்பவருக்கும் வில்லா வாசலில் புல்தரை போட்டவருக்கும் ஒரே பிரச்னைதான். செடி வாங்குவது ஈஸி, பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம்.

இதைப் பார்த்துத்தான் பலருக்கும் யோசனை வருகிறது. வேலையை விட்டுவிட்டோ, வேலையோடு சேர்த்தோ, ஊரில் தோட்ட வேலை தெரிந்த சித்தப்பாவையோ நண்பரையோ கூட்டாளியாக்கி ஒரு சின்ன பராமரிப்பு சர்வீஸ் தொடங்கலாமே? தொடங்கலாம். ஆனால் கையில் இருக்கும் சேமிப்பில் பெரும்பகுதி முதல் மாதமே கருவிகளுக்குப் போய்விடும். ஆன்லைனில் ஆஃபர் வருகிறது, மெஷின் வந்து இறங்குகிறது, மூன்றாவது மாதம் அது மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கிறது.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது, எதற்கு 'முடியாது' என்று சொல்வது? பெங்களூருவை உதாரணமாக வைத்து, கணக்கோடு பார்ப்போம்.

முதலில் கருவியா, வாடிக்கையாளரா?

கணக்கு வாடிக்கையாளர் பக்கம்தான் சாய்கிறது. ஒரு நாளில் 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம் வேலை நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் 60 நிமிட வேலை. அடுத்த வீட்டுக்குப் போக, பெங்களூரு டிராஃபிக்கில், 40 நிமிடம். மொத்தம் 100 நிமிடம். ஒரு நாளில் 4 வீடு முடிக்கலாம்.

இப்போது ஒரு மெஷின் வாங்குகிறீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் 15 நிமிடம் மிச்சம். ஒரு வீட்டுக்கு 85 நிமிடம். ஒரு நாளில் 5 வீடு.

மெஷினே வாங்காமல், ஒரே லே-அவுட்டில், பத்து நிமிட தூரத்துக்குள் வாடிக்கையாளர்களைப் பிடித்தால்? ஒரு வீட்டுக்கு 70 நிமிடம். ஒரு நாளில் 6 வீடு.

அதாவது, பக்கத்துப் பக்கத்தில் வீடுகளைப் பிடிப்பதே நீங்கள் வாங்கக்கூடிய மிகச் சிறந்த 'மெஷின்'. அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. கருவி வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது ஸ்கூட்டரில் ஏறுமா? ஏறாது என்றால், ஒவ்வொரு முறையும் ஆட்டோ வாடகை சேரும். கடையில் பார்க்கும் விலையில் அந்த வாடகை தெரியாது.

கைக்கருவிகளில் எவை கட்டாயம்?

தொட்டிச் செடி, சின்னத் தோட்டம், வேலிச் செடி. ஆரம்பத்தில் வரும் வேலை பெரும்பாலும் இவைதான். இதற்கு மின்சாரமோ பெட்ரோலோ தேவையில்லை. பணத்தை இங்கே போடுங்கள், தரமானதாகப் போடுங்கள்.

*கவாத்துக் கத்தரி:* நாள் முழுக்கக் கையில் இருக்கப் போவது இதுதான். இரண்டு வகை உண்டு. ஒன்று 'பைபாஸ்': சாதாரண கத்தரிக்கோல் மாதிரி, ஒரு அலகு இன்னொன்றை உரசிக் கடந்து போகும். உயிருள்ள பச்சைக் கிளைக்கு இதுதான் சரி, வெட்டு சுத்தமாக இருக்கும். இன்னொன்று 'ஆன்வில்': அலகு ஒரு தட்டையான பட்டையின் மேல் இறங்கி வெட்டும். காய்ந்த கிளைக்கு நல்லது, பச்சைத் தண்டை நசுக்கிவிடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பைபாஸ் வாங்குங்கள். ஸ்பிரிங், அலகு இரண்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

*நீளக் கைப்பிடிக் கத்தரி, கை ரம்பம்:* கவாத்துக் கத்தரி சுமார் 2 சென்டிமீட்டர் தடிமன் வரைதான் தாங்கும். அதற்கு மேல், சுமார் 4 சென்டிமீட்டர் வரை, நீளக் கைப்பிடி உள்ள 'லாப்பர்'. அதையும் தாண்டினால் மடக்கு ரம்பம். சின்னக் கத்தரியால் பெரிய கிளையை முறுக்கி முறுக்கி வெட்டினால் கத்தரியும் போகும், மணிக்கட்டும் போகும்.

*வேலிக் கத்தரி:* இரண்டு கையாலும் பிடித்து வேலிச் செடியைச் சமமாக வெட்டுவது. வாரத்துக்கு ஒன்றிரண்டு வேலிதான் என்றால் மெஷின் தேவையே இல்லை.

*களைக்கொத்தி, மண்வெட்டி, கடப்பாரை, வாரி, பூவாளி, பாண்டு:* இவற்றை பிராண்ட் பார்த்து வாங்க வேண்டியதில்லை. ஊர் ஹார்டுவேர் கடையில் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். பிடி யார் கைக்கு? தினமும் வேலை செய்யப் போகிறவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பணம் கொடுப்பவர் ஒருவர், கருவியைப் பிடிப்பவர் இன்னொருவர் என்பதுதான் இந்தத் தொழிலில் நிறைய தப்பான வாங்கல்களுக்குக் காரணம்.

*அரம், சாணைக்கல், 70% ஆல்கஹால்:* பலரும் மறப்பது இதைத்தான். மழுங்கின அலகு செடியைக் கிழிக்கும். ஒரு வீட்டு ரோஜாவில் இருக்கும் நோய், துடைக்காத கத்தரி வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும். ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிந்ததும் அலகை ஆல்கஹாலால் துடைப்பதைப் பழக்கமாக்குங்கள். வாடிக்கையாளர் பார்க்கும்போதே செய்தால் அதுவே உங்கள் விளம்பரம்.

மெஷினை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கடையில் எல்லாரும் விலையைத்தான் கேட்கிறோம். கேட்க வேண்டியது: ஒரு மணி நேர வேலைக்கு இந்த மெஷின் எவ்வளவு தின்னும்?

கீழே உள்ளவை கணக்கு புரிவதற்காக வைத்த தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

- புல் வெட்டும் பிரஷ் கட்டர் விலை: 15,000 ரூபாய்
- 3 வருடம் கழித்து விற்றால் கிடைப்பது: 3,000 ரூபாய்
- வருடத்துக்கு சர்வீஸ், உதிரி பாகம்: 2,000 ரூபாய்

மூன்று வருடத்துக்கு உண்மையான செலவு: 15,000 - 3,000 + 6,000 = 18,000 ரூபாய். வருடத்துக்கு 6,000.

வாரத்துக்கு 4 மணி நேரம் ஓடினால் (வருடத்துக்கு 50 வாரம்) மூன்று வருடத்தில் 600 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 30 ரூபாய். மாதத்துக்கு 4 மணி நேரம்தான் என்றால் மொத்தம் 144 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 125 ரூபாய். மெஷின் அதேதான், செலவு மட்டும் நான்கு மடங்குக்கு மேல்.

அதே மெஷின் ஒரு நாளைக்கு 500 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது என்று வைத்தால், வருடத்துக்கு 12 நாள் வரை வாடகையும் சொந்தமும் சமம். 12 நாளுக்குக் குறைவு என்றால் வாடகை. அதிகம் என்றால் சொந்தம். பெட்ரோல் செலவு இரண்டிலும் ஒன்றுதான், அதனால் அதைச் சேர்க்கவில்லை.

இந்த 'சமநிலை நாள்' ஒவ்வொரு மெஷினுக்கும் மாறும். எக்செல்லில் நான்கு வரி ஃபார்முலா. மூன்று மாதம் வாடகைக்கு எடுத்து, எத்தனை நாள் எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். அந்த எண்தான் முடிவெடுக்க வேண்டும், யூடியூப் ரிவ்யூ முடிவெடுக்கக் கூடாது.

பருவத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெங்களூருவில் மே முதல் அக்டோபர் வரை மழை மாதங்கள், புல் வேகமாக வளரும். டெல்லிப் பக்கம் டிசம்பர், ஜனவரி குளிரில் புல்லின் வளர்ச்சி மந்தமாகிவிடும். ஆகஸ்ட் மாத டிமாண்டை மட்டும் வைத்து வருடம் முழுவதற்கும் கணக்குப் போட்டால் நஷ்டம்தான்.

புல்தரைக்கு எந்த மெஷின்?

பிரஷ் கட்டரும் லான் மோவரும் ஒரே வேலைக்கானவை இல்லை. பிரஷ் கட்டர் தோளில் மாட்டிக்கொண்டு உயரமான புல், புதர், காலி மனை ஆகியவற்றைச் சுத்தம் செய்ய. லான் மோவர் தள்ளிக்கொண்டு போய் புல்தரையை ஒரே மட்டத்தில் வெட்ட. பிரஷ் கட்டரால் அழகான புல்தரையை வெட்டினால் மேடும் பள்ளமுமாக இருக்கும், வாடிக்கையாளர் அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்.

எவ்வளவு அகலமான மோவர் வேண்டும்? 40 சென்டிமீட்டர் அகல மோவரை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளினால், கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் 1,200 சதுர மீட்டர். திரும்புவது, ஒன்றின் மேல் ஒன்று ஓட்டுவது, புல்லைக் கொட்டுவது எல்லாம் போக 60% என்று வைத்தாலும் 720 சதுர மீட்டர். ஒரு வில்லாவின் 100 சதுர மீட்டர் புல்தரை சுமார் 8 நிமிடம். இதற்குப் பெரிய மோவர் எதற்கு? சின்ன இடத்துக்குக் கையால் தள்ளும் உருளை மோவரே போதும். எரிபொருள் வேண்டாம், சத்தம் இல்லை.

ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். "ஒட்ட வெட்டிடுங்க, அப்பதான் ரொம்ப நாள் தாங்கும்" என்று வாடிக்கையாளர் சொல்வார். அப்படி வெட்டினால் வெயிலில் புல் மஞ்சளாகும், பழி உங்கள் மேல் வரும்.

பெட்ரோலா, பேட்டரியா?

பேட்டரி மெஷின் வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்குங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 72 வாட்-ஹவர். மெஷின் 300 வாட் இழுக்கிறது என்றால் 72-ஐ 300-ஆல் வகுத்தால் சுமார் 14 நிமிடம். இரண்டு பேட்டரி இருந்தாலும் அரை மணி நேரம்கூட இல்லை. சில பெட்டிகளில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று இருக்கும். அதுவும் பெரும்பாலும் இதே 18 வோல்ட் பேட்டரிதான், முழு சார்ஜில் உள்ள உச்ச அளவைப் போட்டிருப்பார்கள்.

ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றின் மெஷினில் பொதுவாகப் பொருந்தாது. முதல் பேட்டரி மெஷின் வாங்கும்போதே அடுத்த மூன்று மெஷின்களையும் அதே கம்பெனியில்தான் வாங்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். உங்கள் ஏரியாவில் அவர்களுக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா?

பெட்ரோல் மெஷின் நாள் முழுக்க ஓடும். ஆனால் மூன்று விஷயம். ஒன்று, டூ-ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. மேனுவலில் உள்ள விகிதம்தான் வேதம். ஆயில் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் சீஸ் ஆகிவிடும்.

இரண்டு, எத்தனால். இந்தியாவில் 20% எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. சிறிய எஞ்சின்கள் பலவற்றின் மேனுவல் 10% வரைதான் அனுமதிக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாங்கும் முன் மேனுவலில் இதைப் பாருங்கள். சில வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து வையுங்கள்.

மூன்று, சத்தம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். இது சுற்றுப்புறத்துக்கான அளவு, மெஷினுக்கானது இல்லை. ஆனாலும் ஞாயிறு காலை பிரஷ் கட்டரை ஸ்டார்ட் செய்தால் அசோசியேஷன் முதலில் பேசுவது இதைப் பற்றித்தான்.

சத்தத்தில் முதலில் அடிபடுவது ஓட்டுபவரின் காது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் (நியாஷ்) பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். பெட்ரோல் பிரஷ் கட்டர் அந்த அளவைத் தொடக்கூடியது. காது மூடி, கண்ணாடி, முழங்கால் காப்பு, ஷூ ஆகியவை மெஷின் விலையில் சேர்ந்தவை. இவற்றுக்குப் பணம் இல்லை என்றால் மெஷினுக்கும் பணம் இல்லை என்றே கணக்கு எழுதுங்கள்.

ஒயர் இழுத்து ஓட்டும் மின்சார மெஷின் மலிவு, எடை குறைவு. ஆனால் ஈரப் புல்லில் வேண்டாம். கசிவைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத பிளக்கில் மாட்டவே வேண்டாம்.

தண்ணீருக்கு என்ன கருவி?

பெங்களூருவில் இது சட்டப் பிரச்னையும்கூட. 2024 மார்ச்சில், தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, நகரக் குடிநீர் வாரியம் குடிநீரைத் தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் பயன்படுத்தத் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். 2025 பிப்ரவரியிலும் இதேபோல் உத்தரவு வந்தது. கோடையில் ஹோஸ் பைப்பை மட்டும் நம்பி ஏ.எம்.சி. கையெழுத்துப் போட்டால், செடி வாடினாலும் அபராதம் வந்தாலும் வாடிக்கையாளரின் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் சொட்டு நீர் மாட்டத் தெரிந்து வைத்திருங்கள். மணிக்கு 2, 4, 8 லிட்டர் சொட்டுவான்கள் சாதாரணமாகக் கிடைக்கும். துளை போடும் பஞ்ச், இணைப்பான்கள், ஒரு டைமர் எல்லாம் ஒரு சின்ன டப்பாவில் அடங்கும். அபார்ட்மென்ட்டில் எஸ்.டி.பி.-யில் சுத்திகரித்த தண்ணீரை விடுவார்கள் என்றால் ஃபில்டர் கட்டாயம், இல்லாவிட்டால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். காய்ந்த இலையை வேரைச் சுற்றிப் பரப்பும் மூடாக்கு தண்ணீர்த் தேவையைக் குறைக்கும், இலையை வெளியே கொண்டுபோகும் வேலையும் குறையும். திடக்கழிவு விதிகளின்படி தோட்டக் கழிவைத் தனியாக வைத்து உள்ளாட்சி சொல்லும் முறையில்தான் அகற்ற வேண்டும். எரிக்கக் கூடாது.

மருந்து அடிக்கச் சொன்னால்?

16 லிட்டர் முதுகு ஸ்பிரேயரை நிரப்பினால் தண்ணீரே 16 கிலோ. மாடி ஏறும்போது அந்த எடை தெரியும். பால்கனித் தோட்டத்துக்கு 2 லிட்டர் கை ஸ்பிரேயர் போதும். வேப்பெண்ணெய்க் கரைசல், சோப்புக் கரைசல் வரை நீங்களே செய்யலாம்.

ரசாயனப் பூச்சிக்கொல்லி வேறு கதை. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் மருந்து தெளிக்கும்போது விஷம் ஏறி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி வணிக ரீதியாகப் பூச்சி ஒழிப்பு செய்ய உரிமம் வேண்டும். டப்பாவின் மேல் உள்ள வண்ணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான நச்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. உரிமம் எடுக்கும் வரை இந்த வேலைக்கு "நாங்க அது பண்றதில்ல சார்" என்பதுதான் பதில்.

மரம் வெட்டுவதற்கும் அதே பதில்தான். கர்நாடகத்தில் 1976 முதலும் டெல்லியில் 1994 முதலும் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் உள்ளன. சொந்த வீட்டு வளாகத்தில் உள்ள மரத்துக்கும் மர அதிகாரியின் அனுமதி தேவைப்படலாம். மின்கம்பிக்கு அருகில் உள்ள கிளையைத் தொடவே வேண்டாம். அதனால் செயின் சா முதல் வருடப் பட்டியலில் இல்லை.

கடன், பதிவு, காப்பீடு?

- *உத்யம் பதிவு:* குறுந்தொழில் பதிவு. ஆன்லைனில், இலவசம். காசு கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.
- *முத்ரா 'சிசு':* 50,000 ரூபாய் வரை, அடமானம் இல்லாமல். கைக்கருவிகளுக்கும் ஒரு மெஷினுக்கும் இந்த வரம்பைத் தாண்ட வேண்டியிராது.
- *பி.எம். விஸ்வகர்மா:* 15,000 ரூபாய் கருவி உதவி உண்டு என்பதால் பலரும் கேட்கிறார்கள். அதன் 18 தொழில்களில் பூமாலை கட்டுபவர் இருக்கிறார், தோட்டப் பராமரிப்பு இல்லை.
- *ஜி.எஸ்.டி.:* சேவைத் தொழிலுக்கு ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம் (சில மாநிலங்களில் 10 லட்சம்).
- *விபத்துக் காப்பீடு:* பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம் வரை காப்பீடு, வயது 18 முதல் 70 வரை. உங்களோடு வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் போடுங்கள். ஒரு கத்தரியின் ஸ்பிரிங் விலைகூட வராது.

சரி, மொத்தத்தில் எந்த வரிசை?

*முதல் மாதம் வாங்க வேண்டியவை:* பைபாஸ் கவாத்துக் கத்தரி இரண்டு (ஒன்று சாணைக்குப் போனாலும் வேலை நிற்காது), லாப்பர், மடக்கு ரம்பம், வேலிக் கத்தரி, களைக்கொத்தி, மண்வெட்டி, வாரி, பூவாளி, 2 லிட்டர் ஸ்பிரேயர், கையுறை, கண்ணாடி, அரம், ஆல்கஹால். எல்லாம் ஒரு ஸ்கூட்டரில் ஏறும்.

*மூன்று மாதம் வரை வாடகைக்கு:* பிரஷ் கட்டர், லான் மோவர், ஏணி.

*நாள் கணக்கு சொன்ன பிறகு வாங்க வேண்டியவை:* வாடகைக்கு அதிக நாள் எடுத்த ஒரே ஒரு மெஷின், அதற்கான பாதுகாப்புப் பொருட்களோடு.

*முதல் வருடம் வேண்டாம்:* செயின் சா, இலை ஊதும் மெஷின், பெரிய மோவர்.

கருவி வாங்க ஒதுக்கிய பணத்தில் பாதியைத் தொடாமல் வைத்திருங்கள். மழை பொய்க்கும் மாதமும் வரும், வாடிக்கையாளர் பில்லை இழுத்தடிக்கும் மாதமும் வரும். அந்த மாதத்தில் கூட வேலை செய்பவருக்குச் சம்பளம் போக வேண்டும். மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் மெஷினை வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது.